குழந்தைகளின் சளிச்சுரமும் நமது கடமையும்

2023ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 16ந் தேதி முதல் 26ந் தேதி வரை புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. எச்3 என்2 என்னும் இன்புளுயன்ஸா ஜுரம் பரவுகிறதென்பது சர்க்கார் கூறிய காரணம். அந்த மாதம் 4ந் தேதி வரையில் பிரதேசம் முழுவதிலும் அந்த ஜுரம் கண்டவர்களாகக் கணக்கில் வந்தவர் 79 பேர். அதற்கு ஆறு மாதம் முன்னதாக, 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையிலும், குழந்தைகளின் காய்ச்சலைக் காரணங்காட்டி இவ்வாறே பள்ளிகள் அடைக்கப்பட்டன. இரண்டு உத்தரவுகளும் பிறந்த இடம் புதுச்சேரி. அங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காரைக்காலின் நெரவிக் கொம்யூனும் அவற்றுக்குக் கட்டுப்பட்டது.

நெரவியினின்றும் தெற்கே சில மைல் சென்றால் நாகூர். அது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சர்க்கார் அப்பொழுது மாநிலமெங்கும் காய்ச்சல் முகாம்கள் நடத்தினார்களேயன்றிப் பள்ளிகளை மூடவில்லை. எல்லைக்கு இப்புறத்தாரும் அப்புறத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறவர்கள். ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள். ஒரே பஸ்ஸில் நெருங்கி நின்று பிரயாணம் செய்கிறவர்கள். நெரவியில் மாமன் வீட்டுப் பிள்ளை தெருவில் விளையாடிக் கொண்டிருக்க, நாகூரில் அத்தை வீட்டுப் பிள்ளை புத்தகப் பையுடன் பள்ளிக்குச் சென்றது. இரண்டு பிள்ளைகளின் மூக்கிலும் ஒழுகியது ஒரே சளிதான்.

ஒரே வியாதிக்கு ஒரே கடற்கரையில் இரண்டு சர்க்கார்கள் இரு வேறு பரிகாரம் செய்தன என்றால், வியாதியின் தன்மையைப் பற்றிய தெளிவு எங்கோ குறைந்திருக்கிறதென்று பொருள். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. சிறு குழந்தைகளுக்கு வைரஸ் கிருமிகளால் சளியும் இருமலும் காய்ச்சலும் வருவது எவ்வளவு சாதாரணம்? இதை அறியாமல் போடப்படும் உத்தரவும் கொடுக்கப்படும் மருந்தும் இருட்டில் எறியும் கல்லேயாகும்.

எத்தனை தடவை?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், அந்நகரத்தின் ஏழை மக்கள் குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்து, 2008ஆம் வருஷத்தில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழந்தைக்கு வருஷமொன்றுக்குச் சராசரி ஏழு தடவைக்கு மேல் சுவாச நோய் கண்டது. பிறந்த முதல் வருஷத்தின் நாட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அச்சிசுக்கள் ஏதேனும் ஒரு நோயிலேயே கழித்தன. மழையும் குளிருமான பருவத்திலும், பீடி சுற்றும் வீடுகளிலும் சுவாச நோய் மிகுதியாயிருந்தது. இது நம் தமிழ் மண்ணிலேயே எடுத்த கணக்கு.

வறுமையினால்தான் இவ்வளவு நோயோ என்று சிலர் எண்ணலாம். செல்வம் மிகுந்த ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 26 குடும்பங்களைச் சேர்ந்த 108 பேரின் மூக்குச் சளியை ஒரு வருஷ காலம் வாரந்தோறும் எடுத்துச் சோதித்து, 2015இல் முடிவைப் பிரசுரித்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் வருஷத்தில் பாதி வாரங்களில் ஏதாவதொரு சுவாச வைரஸ் காணப்பட்டது. குழந்தையே இல்லாத வீட்டில் வருஷத்துக்கு மூன்று நான்கு வாரங்கள்தான் வைரஸ் தங்கிற்று; ஒரு குழந்தையுள்ள வீட்டில் 18 வாரம்; இரண்டு குழந்தைகளுள்ள வீட்டில் 29 வாரம். இவற்றில் வியப்புக்குரியது மற்றொன்று: குழந்தையின் மூக்கில் வைரஸ் இருந்த வாரங்களில் ஏறக்குறையப் பாதியில் தும்மலோ இருமலோ ஒன்றுமே இல்லை. குழந்தை சுகமாக விளையாடிக் கொண்டிருந்தது.

இவ்வளவு அடிக்கடி வருவதற்குக் காரணம் இயற்கையானது. சளியை உண்டாக்கும் வைரஸ்களில் ரைனோ வைரஸ் என்னும் ஓர் இனத்திலேயே நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. இன்புளுயன்ஸா, அடினோ வைரஸ், பழைய கொரோனா வைரஸ்கள், ஆர்.எஸ்.வி. என்று வேறு பல கூட்டங்களும் உள. தாயின் உடலிலிருந்து பெற்ற பாதுகாப்புச் சில மாதங்களில் தேய்ந்து விடுகிறது. பிறகு குழந்தை ஒவ்வொரு வைரஸையும் புதிதாகச் சந்தித்து, அதனோடு போராடி, அதன் அடையாளத்தைத் தன் இரத்தத்தில் பதிய வைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. ஆர்.எஸ்.வி. என்னும் கிருமி இரண்டு வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைகளையும் ஒரு தடவையாவது பிடித்து விடுகிறது. பெரியவர்களாகிய நமக்கு வருஷத்தில் இரண்டொரு தடவையே ஜலதோஷம் வருகிறதென்றால், அந்தப் பாடத்தை நாம் தொட்டிலிலேயே படித்து முடித்தோம் என்பதுதான் காரணம்.

இந்தச் சாதாரண உண்மையை அறியாததால் பீதி எவ்வளவு எளிதில் பிறக்கிறதென்பதற்கு 2025 ஜனவரி மாதமே சாட்சி. பெங்களூரில் இரு சிசுக்களுக்கு எச்.எம்.பி.வி. என்னும் வைரஸ் இருப்பதாக அறிவித்த 6ந் தேதியன்றே பம்பாய்ப் பங்குச் சந்தை சரிந்தது. சென்னையிலும் சேலத்திலும் நோயாளிகள் உண்டென்ற செய்தியும் வந்தது. அந்த வைரஸை ஹாலந்து தேசத்து விஞ்ஞானிகள் 2001ஆம் வருஷத்திலேயே கண்டுபிடித்து விட்டார்கள். அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அது மனிதரிடையே உலவி வந்ததென்றும் பழைய இரத்த மாதிரிகளைக் கொண்டு நிரூபித்திருக்கிறார்கள். புதிதாக வந்தது பரிசோதனை; நோய் பழையதே.

சாதாரணம் என்றால் அலட்சியமா?

இவ்வளவு சாதாரணமான நோய்க்கு ஏன் ஒரு கட்டுரை என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயத்தின் கூர்மையான முனை இருக்கிறது. நூறு தடவை தானே வந்து தானே போகும் சளி, சில சிசுக்களிடம் நூற்றோராவது தடவை நெஞ்சில் இறங்குகிறது. 2019ஆம் வருஷத்தில் ஆர்.எஸ்.வி. என்னும் ஒரே வைரஸினால் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 கோடியே 30 லட்சம் தடவை நெஞ்சுச்சளி நோய் கண்டதென்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் 36 லட்சம் ஆஸ்பத்திரிக்குச் சென்றன. 1,01,400 குழந்தைகள் மாண்டன. மாண்டவற்றில் நூற்றுக்கு 97 எளிய, நடுத்தர வருமானமுள்ள தேசங்களின் குழந்தைகள். வைரஸ் எல்லாத் தேசத்துக் குழந்தைகளையும் சமமாகவே பிடிக்கிறது. மரணம் மட்டும் பாரபட்சம் காட்டுகிறது.

நிமோனியா என்னும் கபவாத ஜுரத்தினால் 2018ஆம் வருஷத்தில் இந்தியாவில் மட்டும் சுமார் 1,27,000 குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தன என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் கணக்கிட்டது. அந்த ஜுரத்துக்குப் பாக்டீரியாக்களே முக்கிய காரணமென்று முன்பு கருதி வந்தார்கள். 2011 முதல் 2014 வரை வங்காளதேசம், தாய்லாந்து, ஐந்து ஆப்பிரிக்க நாடுகள் ஆகிய ஏழு தேசங்களில் நடந்த பெரிய ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றி விட்டது. எய்ட்ஸ் கிருமியற்ற குழந்தைகளின் கடுமையான நிமோனியாவில் நூற்றுக்கு 61 பங்கு வைரஸ்களால் விளைந்தது, ஆர்.எஸ்.வி.யினால் மட்டும் நூற்றுக்கு 31.

சிசுவின் மூச்சுக் குழாய்கள் மிகவும் குறுகியவை. குழாயின் உள்விட்டம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு ஏற்படும் தடை இரண்டு மடங்காகாது, பதினாறு மடங்காகிறதென்பது பௌதிக சாஸ்திரம். பெரியவருக்கு வெறும் இருமலாக முடியும் வீக்கம், இரண்டு மாதச் சிசுவுக்கு மூச்சையே அடைக்கும். குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்தவை, தாய்ப்பால் இல்லாதவை, புகை சூழ்ந்த வீட்டில் படுத்திருப்பவை ஆகிய சிசுக்களுக்கு ஆபத்து அதிகம். அடுப்புப் புகையுள்ள வீட்டில் குழந்தைக்கு நெஞ்சுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பு என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

எனவே அறிய வேண்டுவது இவ்வளவே. எல்லாச் சளிக்கும் அஞ்சுவது மூடத்தனம். எல்லாச் சளியையும் ஒன்றாகப் பாவித்து வாளாவிருப்பது கொடுமை. நூற்றில் அந்த ஒன்றை உரிய காலத்தில் பிரித்தறிவதில்தான் உயிர் இருக்கிறது.

இரண்டு தவறான பரிகாரங்கள்

பள்ளியை மூடுவது அந்த ஒன்றைப் பிரித்தறிய உதவுகிறதா? உதவவில்லை என்பதே நமது அபிப்பிராயம். மரணத்துக்கு அருகிலிருப்பது கைக்குழந்தை. பள்ளியிலிருப்பது அதன் அண்ணனும் அக்காளும். பள்ளியை மூடினால் அவர்கள் நாள் முழுவதும் ஒற்றை அறை வீட்டில், தொட்டிலுக்கருகில் இருமிக் கொண்டிருப்பார்கள். கருக்களாச்சேரி போன்ற கடலோரக் குப்பங்களிலும் உழவர் தெருக்களிலும் தாய்மார் வேலைக்குப் போக, சிசுவைத் தூக்கி வைத்துக் கொள்பவளும் அந்த அக்காளே. பத்து நாள் பாடமும் பகலுணவும் நஷ்டமாவது வேறு. அன்றியும், ஒதுக்கி வைத்த வைரஸ் ஒழிந்து போவதில்லை. 2020இல் கொரோனாவுக்காக எல்லைகளை அடைத்த ஆஸ்திரேலியாவில் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆர்.எஸ்.வி. மறைந்தாற்போல் இருந்தது, பின்னர் அவ்வாண்டின் இறுதியில், பருவமல்லாத பருவத்தில், அது பெருக்கெடுத்து வந்தது. பெருந்தொற்று ஒன்று நாட்டை வளைக்கும்போது பள்ளியை மூடுவது வேறு விஷயம். ஆண்டுதோறும் வரும் சளிப் பருவத்துக்கு அதைப் பரிகாரமாக்குவது, மழைக்காலத்தில் ஆற்றை மூட உத்தரவிடுவது போலாகும்.

இரண்டாவது தவறு இதனினும் கொடியது. சளிக்கு மருந்து கொடுத்தே தீர வேண்டுமென்ற பிடிவாதத்தைக் கூறுகிறோம். 2025ஆம் வருஷத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா ஜில்லாவில், தானே தீரக் கூடிய சளியும் காய்ச்சலும் கண்ட சிறு குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுக்கப்பட்டது. அதைக் குடித்தவற்றில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அந்த மருந்து செய்யப்பட்ட இடம் நமது தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள சுங்குவார்சத்திரம். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா சோதித்ததில், நூற்றுக்கு 48.6 பங்கு டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் அதில் இருந்தது. அனுமதிக்கத்தக்க அளவு 0.1 பங்குதான். பிறகு உற்பத்தி நிறுத்தப்பட்டது, லைசென்சு ரத்தாயிற்று. அக்குழந்தைகளைக் கொன்றது வைரஸ் அன்று. தானே போயிருக்கக் கூடிய நோய்க்குத் தேவையில்லாமல் வந்த மருந்தே கொன்றது.

அவ்வருஷம் அக்டோபரில் மத்திய சர்க்காரின் சுகாதாரச் சேவை இயக்குநரகம் விடுத்த அறிக்கை தெளிவானது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து எழுதவும் கொடுக்கவும் கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாக அது வேண்டியதில்லை. ஆயினும் மருந்துக்கடைக்குச் சென்று “குழந்தைக்குச் சளி, ஏதாவது கொடுங்கள்” என்று கேட்பதும், கடைக்காரர் புட்டியை எடுத்துக் கொடுப்பதும் நம்மூர் வழக்கம். வைரஸை ஒன்றும் செய்ய இயலாத ஆன்டிபயாடிக் மருந்துகளும் அதே வழியில் விலையாகின்றன. வீட்டுப் பழக்கங்களிலும் களைய வேண்டியது ஒன்றுண்டு. குளிப்பாட்டும்போது சிசுவின் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விட்டால், அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி வேறொரு நிமோனியாவை உண்டாக்குகிறது. பாட்டிமார்களின் அன்பில் நமக்குச் சந்தேகமில்லை. எண்ணெய் மட்டும் மூக்குக்குள் போக வேண்டாமென்கிறோம்.

மூச்சை எண்ணுவோம்

பின் என்னதான் செய்வது? சளியோடு விளையாடும் குழந்தைக்குத் தாய்ப்பாலும், வெந்நீரும் கஞ்சியும், ஓய்வும் போதும். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்குத் தாய்ப்பால் ஒன்றே. குழந்தைகளின் இருமல் பாதிப் பேருக்குப் பத்து நாளில் நிற்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நிற்க 25 நாள் வரை ஆகும். நான்காம் நாளே டாக்டரை மாற்றி மருந்தை மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆபத்தைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். விநாடி முள்ளுள்ள ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும் வேளையில், சட்டையை விலக்கி, மார்பும் வயிறும் எழுந்து தாழ்வதை முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசு நிமிஷத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ள அளவு இது. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குதல், பால் குடிக்க மாட்டாமை, குடித்ததையெல்லாம் கக்குதல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று காணப்பட்டாலும் மாந்தமென்றும் கண்ணேறென்றும் காத்திராமல், இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே அந்தச் சிசுவுக்கு முதலில் வேண்டியது பிராணவாயு.

பிராணவாயு கொடுப்பதிலும் செல்வத்தினும் சிந்தனையே பெரிதென்பதை அண்டை நாட்டில் கண்டோம். டாக்டர் ஜொபாயர் சிஷ்டி என்பவர் டாக்கா நகரத்து ஆஸ்பத்திரியில், தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவின் காலிப் புட்டியில் நீர் நிரப்பி, குழந்தையின் சுவாசக் குழாயை அதனுள் விட்டு, குமிழிகளின் அழுத்தத்தால் நுரையீரல் சுருங்காமல் காக்கும் முறையைக் கையாண்டார். 2015இல் வெளியான பரிசோதனையில், சாதாரண முறையில் பிராணவாயு பெற்ற குழந்தைகளைக் காட்டிலும் இம்முறையில் சிகிச்சை பெற்றவற்றில் மரணம் மிகவும் குறைந்திருந்தது. ஏழை நாடு என்று சொல்லிக் கையை விரிப்பவர்களுக்கு அந்தப் புட்டியே பதில்.

சர்க்கார் செய்ய வேண்டியவை

1954 நவம்பர் 1ந் தேதி காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. சுயராஜ்யத்தின் பயன் நெரவியின் தொட்டில்களிலும் தெரிய வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது. நாம் கேட்பவை நான்கு.

முதலாவது, கணக்கு. பிரதேசம் முழுவதுக்கும் ஒரே எண்ணைச் சொல்லி ஒரே உத்தரவு போடுவதை விட்டு, கொம்யூன் தோறும் வாரந்தோறும் கணக்கெடுத்துப் பஞ்சாயத்துப் பலகையில் எழுத வேண்டும். எத்தனை மூக்கில் வைரஸ் இருந்ததென்ற கணக்கு நமக்கு வேண்டாம். அது பாதி வருஷம் எல்லாக் குழந்தைகளிடமும் இருப்பது. எத்தனை குழந்தைகளுக்கு மூச்சு வேகங் கண்டது, எத்தனை ஆஸ்பத்திரியில் சேர்ந்தன, எத்தனைக்குப் பிராணவாயு தேவைப்பட்டது என்பதே கணக்கு. காரைக்காலில் 2016 முதல் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் கிளை இருக்கிறது. அதன் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. எல்லைக்கு அப்புறத்து நாகப்பட்டினம் ஜில்லா அதிகாரிகளோடும் இக்கணக்கைப் பரிமாறிக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு கொம்யூனின் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரவும் பகலும் பிராணவாயுவும், விரலில் மாட்டி அதன் அளவைக் காட்டும் கருவியும், அவற்றைக் கையாளப் பழகிய நர்சும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, தடுப்பூசி. நியூமோகாக்கஸ் பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கு எதிரான ஊசி 2021 முதல் நாடெங்கும் ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று இலவசமாகப் போடப்படுகிறது. வைரஸ் வழிதிறந்த நெஞ்சில் பாக்டீரியா புகாமல் அது காக்கும். மூன்றில் ஒன்றையும் எந்தச் சிசுவும் தவறவிடக் கூடாது. ஆர்.எஸ்.வி.க்கு எதிராகக் கர்ப்பிணிகளுக்குப் போடும் ஊசியையும், சிசுவுக்கே போடும் பாதுகாப்பு ஊசியையும் 2023 முதல் செல்வ தேசங்கள் பயன்படுத்துகின்றன. உலக சுகாதார ஸ்தாபனமும் 2025இல் இரண்டையும் சிபாரிசு செய்தது. நம் தேசத்து ஏழைச் சிசுவுக்கு அவை என்றைக்குக் கிடைக்குமென்று மத்திய சர்க்கார் சொல்லட்டும். உலகத்துக்கே தடுப்பூசி செய்து விற்கும் தேசம் இது.

நான்காவது, குழந்தைகளின் மருந்துப் புட்டி ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்ட பின்னரே தொழிற்சாலையை விட்டு வெளியேற வேண்டும். மரணச் செய்தி வந்த பிறகு சோதிப்பது பிரேத பரிசோதனையே.

நமது தொண்டர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொடி பிடிக்கவும் கூட்டம் கூட்டவும் தெரிந்த இளைஞர்கள் நெரவியிலும் விழிதியூரிலும் தெருவுக்கு ஒருவர் முன்வந்து, 60, 50, 40 என்ற மூன்று எண்களைச் சுவரில் எழுதி, கடிகாரத்தைக் கையில் வைத்துத் தாய்மாருக்கும் தந்தைமாருக்கும் மூச்செண்ணக் கற்றுக் கொடுக்கலாம். இதற்கு நிதி வேண்டாம். சர்க்கார் அனுமதி வேண்டாம். ஐப்பசி அடைமழை தொடங்கினால் வீடுகளின் கதவு ஜன்னல்கள் மூடப்படும். இருமல் ஓசை கேட்கத் தொடங்கும். அதற்கு முன் இந்த வேலை தொடங்கட்டும் என்று கேட்டுக் கொள்கிறோம்.